பின் சீட்டுக்கு ஒரு பிரேக்

கம்பியம்மாவின் வாய்க்குப் பயந்தே அந்தத் தெருவில் பலபேர் தங்கள் சைக்கிளுக்கு ஒழுங்காக எண்ணெய் போட்டார்கள். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் இடது கைப்பக்கம் முதல் கடை அவளுடையது. சக்கரத்துக்குக் கம்பி கோத்துக் கட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் வந்த பெயர். துருப்பிடித்த செயினோடு யார் வந்தாலும், அவர் வக்கீலோ போலீஸோ, "இதை ஓட்டறீங்களா, இல்ல பழி தீத்துக்கறீங்களா?" என்பதுதான் முதல் விசாரிப்பு. திட்டிக்கொண்டே செய்வாள். செய்த வேலை வருஷக்கணக்கில் நிற்கும். வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே மறுபடியும் அவளிடம்தான் வந்தார்கள்.

கடை அவள் புருஷன் திறந்தது. அவர் இருந்த காலத்தில் அவள் வாயில்லாப் பூச்சி என்றால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். அவருடைய சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து மேட்டிலிருந்து இறங்கும்போதெல்லாம் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். "பிரேக் புடிங்க" என்றால் அவருக்குப் பிடிக்காது. "ஓட்டறது நானா, நீயா?" என்பார். அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் முதுகும் சட்டைத் தையலும்தான். கேரியர் கம்பியை இறுக்கிப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. ஒரு காய்ச்சலில் அவர் போய்ச் சேர்ந்தபோது மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். கம்பியம்மா அழுதுகொண்டே ஒரு சக்கரத்தைப் பிரித்தாள், அழுதுகொண்டே திரும்பக் கட்டினாள். கோணலாக வந்தது. திரும்பவும் பிரித்தாள். அது நேராக ஓடிய அன்றைக்கு அழுகை நின்றிருந்தது. வாய் திறந்ததும் அதற்குப் பிறகுதான்.

திறந்த வாய் மகளுக்கு வந்த ஒரு சம்பந்தத்தையே முறித்துவிட்டது. பையனின் அப்பா வாசலில் நிறுத்திய சைக்கிளின் டயரை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குக் காத்தடிக்கவே உங்க வீட்ல கை வராதா? அப்ப என் பொண்ணை யார் பாத்துப்பா?" என்று கேட்டாள். வந்தவர்கள் பாதி காப்பியோடு எழுந்து போய்விட்டார்கள். மகள் அம்மாவோடு பல நாள் பேசவில்லை.

அதன் பிறகு மகள் தானே ஒருவரைப் பார்த்துக்கொண்டாள். குடிதண்ணீரைப் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை செய்பவர். ஒல்லியான ஆள், நல்ல மரியாதை தெரிந்தவர். தண்ணீரைக் கொடுத்தாலும் "அருமை அத்தை" என்பார், தீய்ந்துபோன தோசையைக் கொடுத்தாலும் "அருமை அத்தை" என்பார். கல்யாணத்துக்கு முன்னால் மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அம்மா, ஊரையே திட்டிக்கோ. அவர்கிட்ட மட்டும் வாயைக் கட்டிக்கோ. எனக்காக."

"சரி" என்றாள் கம்பியம்மா. சொன்னால் சொன்னதுதான். தப்பித்தவறி வாய் நழுவிவிடக்கூடாதென்று, மாப்பிள்ளையிடம் நேராகப் பேசுவதையே விட்டுவிட்டாள். எதுவானாலும் மகள் வழியாகத்தான். மாப்பிள்ளை எதிரில் நின்றாலும், "மாப்பிள்ளை சாப்பிட்டாரான்னு கேளு பாப்பா" என்பாள். அவர் "ஆச்சு அத்தை" என்று பதில் சொல்வார். நடுவில் நிற்கும் மகள் சுவரைப் பார்ப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்துக்குள்தான் அந்த இரட்டைச் சைக்கிள் வந்தது.

சின்ன வயதில் காதில் சீழ் வைத்ததிலிருந்து மகளுக்குத் தலை கிறுகிறுக்கும். தனியாகச் சைக்கிள் ஏறினால் கொஞ்ச தூரத்திலேயே ஒரு பக்கம் சாய்ந்துவிடுவாள். சைக்கிள் கடைக்காரி மகளாக இருந்தும் தனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது அவளுக்குத் தீராத அவமானம். கல்யாணமானதும் வீடு மேட்டில் அமைந்தது. வேலையோ இரண்டு பேருக்கும் கீழே, அவளுக்கு அச்சகத்தில், அவருக்குப் பரிசோதனைக் கூடத்தில். "முன்னாடி நான் ஓட்டறேன், பின்னாடி நீ மிதி. மூட்டை மாதிரி உட்கார வேண்டாம், நீயும் ஓட்டலாம்" என்று மாப்பிள்ளை சொல்லி, எங்கேயோ கிடந்த ஒரு பழைய இரட்டைச் சைக்கிளின் சட்டத்தை வாங்கி வந்தார். மகள் முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சத்தைப் பார்த்து, கம்பியம்மா மனசுக்குள் அவருக்கு முழு மதிப்பெண் போட்டாள்.

மதிப்பெண் குறைந்தது பின் சக்கரத்துக்கு ஹப் வந்த அன்று. சக்கரத்தின் நடுவில், கம்பிகள் எல்லாம் வந்து சேரும் குடம்தான் ஹப். மாப்பிள்ளை பெட்டியைத் திறந்து, பளபளவென்று புதிதாக இருந்த அதை அவளுடைய மேசைமேல் வைத்தார். கம்பியம்மா கையில் எடுத்து இடது பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். வட்டமாகத் திருகாணித் துளைகள். அவளுக்கு மூக்கு வேர்த்தது.

"பாப்பா, இது டிஸ்க் மாட்டற ஹப்புதானான்னு கேளு."

"ஆமா அத்தை, டிஸ்க்தான்" என்றார் மாப்பிள்ளை. "இடது பக்கம் தட்டு மாட்டிட்டா, சும்மா விரலால தொட்டாலே வண்டி நிக்கும். மழையில ரப்பர் வழுக்கும், இது வழுக்காது. சட்டத்துல இதை மாட்டறதுக்கு ஒரு பிடி கூட வெல்டிங் வெச்சுட்டு வந்துட்டேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. டிஸ்க் நன்றாகவே நிறுத்தும். ஆனால் மேட்டிலிருந்து கேட் வரைக்கும் உள்ள சாலை, நிறுத்துவதற்கான சாலை இல்லை; வழி முழுக்கப் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கவேண்டிய சாலை. இரண்டு ஆள் கனம். விடாமல் அழுத்தினால் தட்டு காயும், பிரேக் குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் கொதிக்கும், கொதித்தால் கையால் பிடிக்கும் லிவர் கெட்டியாக நிற்காமல் கைப்பிடி வரை அமுங்கிவிடும். அந்த மாதிரி இறக்கத்துக்கு வேண்டியது டிரம் பிரேக். கனமான, சொரசொரப்பான, அழகில்லாத சாமான். சட்டென்று நிறுத்தத் தெரியாது, ஆனால் எவ்வளவு நேரம் பிடித்தாலும் களைக்காது. நிறுத்துவதற்கு வேறு பிரேக் வைத்துக்கொண்டு, இதை வேகத்தைக் கட்டிப்போட மட்டும் வைத்துக்கொள்ளலாம். பின்னால் உட்காருபவர் கையில்கூட லிவரைக் கொடுக்கலாம். கம்பியம்மாவுக்கு அதுதான் முக்கியம்.

ஆனால் டிரம் வேண்டுமென்றால் ஹப்பின் இடது பக்கம் மரை வெட்டியிருக்கவேண்டும். துளை உள்ளதில் அது ஏறாது. இரண்டில் ஒன்றுதான். எந்த ஹப்பை வைத்துச் சக்கரம் கட்டுகிறோமோ அந்தப் பிரேக்கோடுதான் காலம் தள்ளவேண்டும். சட்டம் வந்த அன்றே, பின் குழாயில், டிரம் சக்கரத்தோடு சுற்றாமல் பிடிக்கும் கையைக் கட்டுவதற்கான சின்னக் காது ஒன்று இருந்ததை அவள் பார்த்துவிட்டாள். பழைய சாமான் கடையெல்லாம் அலைந்து, மரை வெட்டிய ஹப் ஒன்றையும் அதற்கேற்ற டிரம்மையும் தேடிப்பிடித்து, எண்ணெய் தடவித் துணியில் சுற்றி மேல் பரணில் வைத்திருந்தாள். மாப்பிள்ளை கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம் என்று.

"பாப்பா, கேட் வரைக்கும் பிரேக்கை விடவே முடியாதேன்னு..."

"அம்மா" என்றாள் மகள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஒரு சொல்லில் பாதி காப்பியோடு போனவர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

மாப்பிள்ளை இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அத்தை, உங்களுக்கு வேற யோசனை இருந்தா சொல்லுங்க. தொழில் உங்களுடையது."

கேட்டுவிட்டார் மனிதர். வாசலைத் திறந்து வைத்துவிட்டார். பரணில் இருந்ததை எடுத்துக் கீழே வைக்க அவ்வளவு நேரம் ஆகியிருக்காது. கம்பியம்மா ஹப்பைத் துணியால் துடைத்து மேசையில் வைத்தாள்.

"மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

சக்கரத்தைக் கட்டினாள். வேலையில் வஞ்சகம் செய்ய அவளுக்குத் தெரியாது. ஹப்பின் அச்சு சட்டத்தின் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. வளையம் கடைந்து போட்டுச் சரிக்கட்டினாள். கம்பிகளைச் சுண்டிச் சுண்டிக் காதால் கேட்டு முறுக்கினாள். முன் சக்கரத்தில் பழைய ரப்பர் பிரேக்கே இருக்கட்டும் என்று விட்டாள். பின்னதில் தட்டை மாட்டி, எண்ணெய்க் குழாயைக் கட்டி, லிவரை அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி நின்றது. முதல் நாள் இரண்டு பேரும் மேட்டிலிருந்து இறங்கி வந்து கடை வாசலில் நின்றபோது, மகள் பின் சீட்டில் வேர்த்து விறுவிறுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி எப்படி இருக்குன்னு கேளு பாப்பா."

"அருமை அத்தை!"

அன்றிலிருந்து கம்பியம்மாவுக்குக் காலை வேளையில் வேலை ஓடவில்லை. அவர்கள் இறங்கும் நேரத்துக்குக் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் வந்து நிற்பாள். கடைசி வளைவு திரும்பி, மரக்கிடங்கைத் தாண்டி, கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்த பிறகுதான் மூச்சு விடுவாள். மகளுடைய இரண்டு கையும் பின் கைப்பிடியைப் பிடித்திருக்கும். வெறும் கைப்பிடி. பிடித்துக்கொள்ளலாமே தவிர, அதை வைத்து ஒன்றும் செய்யமுடியாது. கம்பியம்மாவின் உள்ளங்கை தானாக மூடிக்கொள்ளும்.

ஒருநாள் சைக்கிளைக் கழுவிக் கொடுக்கச் சொல்லி விட்டுவிட்டுப் போனார்கள். ஈரத்துணியால் துடைத்தவள் கை தட்டின்மேல் வந்ததும் நின்றுவிட்டது. வெள்ளையாக இருந்த தட்டு நீலம் பாய்ந்திருந்தது. நெருப்பைப் பார்த்த இரும்பின் நிறம். லிவரை அழுத்தினாள், கல்லாக இருந்தது. திரும்பத் திரும்ப அழுத்தினாள். அதில் ஒன்றும் தெரியாது என்று அவளுக்கே தெரியும். ஆறிவிட்டால் எண்ணெய் பழையபடி நல்ல பிள்ளையாகிவிடும். மேட்டிலிருந்து இறங்கும்போது அது என்ன செய்கிறது என்பது லிவரைப் பிடித்திருப்பவருக்குத்தான் வெளிச்சம்.

சாயங்காலம் அவர்கள் வந்தபோது கேட்டாள். "பிரேக்குல ஏதாவது வித்தியாசம் தெரியுதான்னு கேளு பாப்பா."

மாப்பிள்ளை லிவரை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். கண் எங்கேயோ போய்த் திரும்பியது. "ஒண்ணுமில்ல அத்தை. அருமையா இருக்கு."

பொய் என்று அவளுக்குப் பட்டது. ஆனால் மாப்பிள்ளையைப் பார்த்து "பொய்" என்று எப்படிச் சொல்வது? அன்றைக்குப் படுத்தவளுக்குப் புரண்டு புரண்டு முதுகு வலித்ததுதான் மிச்சம். விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. கடையைத் திறக்காமல், மேட்டுக்குப் போகும் படிக்கட்டு வழியாக மூச்சு வாங்க ஏறினாள். வாயால்தானே கேட்கக்கூடாது; உட்கார்ந்து பார்க்கக்கூடாதென்று யாரும் சொல்லவில்லையே.

"பின் சக்கரத்துல ஒரு சத்தம் வருது. நான் பின்னாடி உட்கார்ந்து கேட்டாத்தான் தெரியும். கடை வரைக்கும் மாப்பிள்ளையை ஓட்டச் சொல்லு."

மகள் துவைத்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். "நீயா? அவர் பின்னாடியா?" என்று கேட்டுச் சிரித்தே விட்டாள். மாப்பிள்ளை இருக்கும் பெஞ்சில்கூட உட்காராத அம்மா. "சரி, போங்க. நான் படிக்கட்டு வழியா வந்துடறேன்."

மாமியாரும் மருமகனும் ஒரே சைக்கிளில் ஏறியதைப் பார்க்க அக்கம்பக்கத்தில் ஜன்னல்கள் திறந்தன. கம்பியம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதியில் கால் வைத்தாள். முன்னால் அவர் மிதித்தால் இவள் காலும் சேர்ந்து சுற்றியது. கண்ணுக்கு எதிரே ஒரு முதுகு, ஒரு சட்டை, தோளில் ஒரு தையல். இத்தனை வருஷம் கழித்து மறுபடியும் அதே இடத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்ததும் அவள் பின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

முதல் வளைவு நன்றாகவே போனது. பின்னாலிருந்து தட்டு உரசும் மெல்லிய சீறல் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டாவது வளைவில் வாடை வந்தது. காய்ந்த இரும்பும் கருகின பூச்சும் கலந்த வாடை. கம்பியம்மா வாயைத் திறந்தாள். வழக்கம்போல "பாப்பா" என்றுதான் வந்தது. பாப்பா இல்லை. சேதி சொல்லி அனுப்ப நடுவில் ஆளே இல்லை.

சீறல் மெலிந்தது. காற்று காதில் அடித்தது. அவர் முதுகு விறைப்பதைப் பார்த்தாள். வலது கை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு, அழுத்தியது.

"அத்தை" என்றார் மாப்பிள்ளை. அப்போதும் மரியாதை குறையாத குரல். "கொஞ்சம் கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

"லிவர் எங்க இருக்கு?" அவள் அவரிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"கைப்பிடியோட வந்து ஒட்டிக்கிச்சு அத்தை."

"முன்னாடி இதுமாதிரி ஆயிருக்கா?"

"அது... அப்புறமாப் பேசலாமே அத்தை..."

"அட மடையா! ஆயிருக்கா, இல்லையா?"

"ஆயிருக்கு! ரெண்டு மூணு தடவை! கீழ வர்றதுக்குள்ள சரியாயிடும்!"

இந்தத் தடவை ஆகவில்லை. கடைசி வளைவு ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்து போயிற்று. சாலையோரத்துக் கற்களெல்லாம் ஒரே கோடாக ஓடின. எங்கோ ரயில் ஊதியது. அவள் எட்டிப் பார்க்க முயன்றாள், முதுகுதான் தெரிந்தது.

"முன்னால என்ன தெரியுது, சொல்லு!"

"கேட் மூடியிருக்கு அத்தை!" குரல் உடைந்துவிட்டது. "முன் பிரேக்கைப் பிடிக்கட்டுமா?"

"ஒரேயடியாப் பிடிச்சா ரப்பர் உரசற சூட்டுல டியூப் வெடிச்சு ரெண்டு பேரும் போயிடுவோம். விட்டு விட்டுப் பிடி! பிடி, விடு, பிடி, விடு! மரக்கிடங்கு வந்துடுச்சா?"

"வருது! இடது பக்கம்!"

"அந்த மண் பாதை மேல ஏறும். அதுல திருப்பு!"

"முடியாது அத்தை, ரொம்ப வேகமா..."

"நான் சாயறேன், நீயும் சாய்! இப்ப எங்கன்னு நீதான் சொல்லணும், எனக்குத் தெரியல!"

அவர் தலை இடது பக்கம் திரும்பியது. பிறகு "இப்போ!" என்று கத்தினார். இரண்டு பேரும் ஒன்றாக இடது பக்கம் சாய்ந்தார்கள். சைக்கிள் தார்ச்சாலையிலிருந்து மண்ணில் குதித்து, தடதடவென்று மேட்டில் ஏறி, அடுக்கி வைத்த மரங்களுக்கு நடுவே புகுந்து, வேகம் செத்து, கிடங்கின் மரத்தூள் குவியலில் போய்ச் சரிந்தது. பின்னால் கேட்டை அதிரவைத்துக்கொண்டு ரயில் போயிற்று. பெட்டி பெட்டியாக அது போய் முடிகிறவரை இரண்டு பேரும் மரத்தூளுக்குள் அப்படியே கிடந்தார்கள்.

முதலில் எழுந்தது கம்பியம்மாதான். தலைமுடியெல்லாம் தூள். கை கால் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு மாப்பிள்ளையைத் தூக்கி உட்காரவைத்து, முழங்கையில் வழிந்த ரத்தத்தை முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்கவே அவளுக்குள் அடைத்து வைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது.

"ஏன்டா சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா? அருமையாம், அருமை!"

"உங்க வேலையில குறை சொல்ற மாதிரி இருக்குமேன்னு..." அவர் சட்டையில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டார். "நீங்க என்கிட்ட முகம் கொடுத்தே பேச மாட்டேங்கறீங்க. என்னைப் பிடிக்கலைன்னு நெனச்சேன். இதுல நான் வேற குறை சொன்னா..."

கம்பியம்மா அப்படியே மரத்தூளில் உட்கார்ந்துவிட்டாள். தான் அடக்கி வைத்த வாய் இந்தப் பிள்ளையின் வாயையும் சேர்த்து அடைத்திருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பரணில் துணி சுற்றிக் கிடக்கும் ஹப்பைப் பற்றிச் சொன்னாள். ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். தட்டு நீலமானதைப் பார்த்தும் நேற்று மென்று முழுங்கியதைச் சொன்னபோது அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மகள் படிக்கட்டிலிருந்தே எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். ஓடிவந்த வேகத்தில் ஒரு செருப்பைக் காணோம். வந்து சேரும்போதே இரண்டு பேரும் பேசியது காதில் விழுந்துவிட்டது. அம்மாவைத் தொட்டுப் பார்த்தாள், புருஷனைத் தொட்டுப் பார்த்தாள், உயிரோடு இருக்கிறார்கள் என்று நிச்சயமானதும் பிடித்துக்கொண்டாள் இரண்டு பேரையும்.

"உனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். தினம் பின்னாடி உட்கார்ந்து வர்றவ நான். என்கிட்ட ஒருத்தராவது சொன்னீங்களா?"

"நீதானே வாயைக் கட்டிக்கச் சொன்ன" என்றாள் கம்பியம்மா. அவளுக்கே அது நொண்டிச் சாக்காகத்தான் கேட்டது.

"அம்மா, அவர் சட்டையைப் பத்திச் சொல்லாத, தலைமுடியைப் பத்திச் சொல்லாதன்னு அர்த்தம்! பிரேக்கைப் பத்திச் சொல்லாதன்னா சொன்னேன்?" கத்திவிட்டு அவளும் மரத்தூளில் உட்கார்ந்து அழுதாள். மாப்பிள்ளை எழுந்து, காணாமல் போன செருப்பைத் தேடிக்கொண்டு வரப் போனார்.

அடுத்த நாள் கடையில் நடந்த சண்டை தெருமுனை வரை கேட்டது. பரணிலிருந்து இறங்கிய ஹப் மேசைமேல் இருந்தது. சட்டத்தில் வைத்துப் பார்த்தார்கள். வளையம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, அதற்கென்றே செய்ததுபோல் உட்கார்ந்தது.

"டிரம் சரி அத்தை. ஆனா இது வண்டியை நிறுத்தாதே. மழையில வெறும் ரப்பரை நம்பி எப்படி?"

"இத்தனை காலம் ஊரே ரப்பரை நம்பித்தான் ஓட்டுது."

"ஊர்ல ஒத்தை ஆள் சைக்கிள் அத்தை. இது ரெண்டு ஆள்."

கம்பியம்மா சொல்ல வந்ததை நிறுத்தி யோசித்தாள். நியாயம்தான். "அப்ப டிஸ்க்கை முன்னாடி கொண்டுபோ. முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கற இந்த ஃபோர்க் தாங்காது, அதுக்குன்னே செஞ்ச ஃபோர்க்கா வாங்கிட்டு வா. முன்னாடி டிஸ்க் நிறுத்தட்டும், பின்னாடி டிரம் கட்டிப்போடட்டும்." வா, போ என்று வந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார், முகத்தில் தெரிந்தது.

டிரம்மின் லிவரை எங்கே மாட்டுவது என்பதில் சண்டை மறுபடியும் பிடித்துக்கொண்டது. தன் கைப்பிடியில் இருந்தால்தான் வேகம் தன் கணக்கில் இருக்கும் என்றார் மாப்பிள்ளை. கம்பியம்மா வாயைத் திறப்பதற்குள் மகள் லிவரை எடுத்துப் பின் கைப்பிடியில் வைத்துப் பிடித்துப் பார்த்தாள்.

"இது எனக்கு" என்றாள். "பிடிக்கும்போது பிடிச்சேன்னு சொல்றேன். நீங்க விடுன்னா விடறேன். கேட்டுக்கறதுக்கு உங்களுக்குக் காது இருக்குல்ல?"

மாப்பிள்ளை அவளைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார். ஸ்பேனரை எடுத்து அவரே அந்த இடத்தில் முடுக்கினார்.

புதுச் சக்கரத்தோடு அவர்கள் இறங்கிய காலையில் கம்பியம்மா கடை வாசலில் நிற்கவில்லை. கேட்டைத் தாண்டி, மரக்கிடங்குப் பாதை பிரியும் இடத்தில் போய் நின்றுகொண்டாள். நேரமாகியும் யாரும் வரவில்லை. எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். டிரம்மின் கையைச் சட்டத்தின் காதோடு சேர்த்த திருகாணியை முடுக்கினோமா? முடுக்கினோம். மூன்று பேரும் தனித்தனியாகப் பார்த்து, பார்த்தேன் என்று வாய்விட்டே சொல்லியாயிற்று. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

அப்போது மேலே எங்கிருந்தோ சத்தம் கேட்டது. வளைவுக்கு அந்தப் பக்கம், அடித்தொண்டையில் யாரோ முனகுவதுபோல ஒரு 'ஊம்ம்'. நின்றது. மறுபடியும் வந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. அது டிரம்மின் சத்தம். மகள் பிடிக்கிறாள். விடுகிறாள். பிடிக்கிறாள். வளைவுக்கு வளைவு அந்த முனகல் கீழே இறங்கி வர வர, கம்பியம்மாவின் மூடியிருந்த கை கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது.

சைக்கிள் நிதானமாக வந்து கேட்டருகே நின்றது. அங்கிருந்து அவர்கள் மெதுவாக மிதிக்க, அவளும் கூடவே கடைவரை நடந்தாள். மாப்பிள்ளை இறங்கி, தலையைச் சிலுப்பிக்கொண்டு, தெருவே கேட்கும்படிச் சொன்னார்.

"அத்தை, என்ன வேலை செஞ்சிருக்கீங்க? மேட்டுலேருந்து கீழ வரைக்கும் கத்திக்கிட்டே வருது. காது ரெண்டும் போச்சு!"

பக்கத்து டீக்கடையில் ஒருவர் கையில் கிளாஸோடு அப்படியே நின்றுவிட்டார். கம்பியம்மாவின் வேலையில் குறை சொல்லி அந்தத் தெருவில் தப்பித்தவர் கிடையாது. எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது; அதை மறைக்க ஸ்பேனரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

"பாவம், காது போச்சாம். இரு, பாக்கறேன்" என்று சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு நினைத்துக்கொண்டவள் போல் தலையைத் திருப்பி, பின் சீட்டைப் பார்த்தாள். "அவன் இருக்கட்டும். நீ சொல்லு பாப்பா, உனக்கு எப்படி இருக்கு?"

மகள் கையை விரித்துக் காட்டினாள். லிவர் அழுத்திய இடம் சிவந்திருந்தது.

"ஸ்பிரிங் ரொம்ப முரடும்மா. விரல் வலிக்குது. கொஞ்சம் இளக்கிக் குடு. அப்புறம் சீட்டு கொஞ்சம் தாழ்வா இருக்கு. அப்புறம்..."

"அத்தை, முன் டிஸ்க்கும் லேசா உரசுது" என்றார் மாப்பிள்ளை.

"ஒவ்வொருத்தராச் சொல்லுங்கடா" என்றாள் கம்பியம்மா. "எங்கயும் ஓடிடமாட்டேன்."